சபையின் ஆலோசனைக் குழுவுக்கு ஊரவர்களைத் தெரிவு செய்வது எப்படி?

படுவான்கரை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளராக இருக்கிறேன். முறைப்பாடு செய்யும் எண்ணம் எனக்கில்லை. ஆகவே ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் தவிர்த்து எழுதுகிறேன்.

சென்ற மாதம் 11ஆம் திகதி பிரதேச சபையிலிருந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதத்தில் இடப்பட்டிருந்த திகதி 3. சுற்றாடல் தொடர்பான ஆலோசனைக் குழுவுக்குப் பொருத்தமான இருவரின் பெயர்களை 14ஆம் திகதிக்கு முன் அனுப்பிவைக்குமாறு கேட்டிருந்தார்கள். பொருத்தமானவர் என்றால் யார், குழு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கூடும், பதவிக்காலம் எவ்வளவு, மொத்தம் எத்தனை பேரைச் சேர்ப்பார்கள் என்பவை பற்றி ஒரு வரியும் இல்லை. நிலையத் தலைவர் கடிதத்தை வாசித்த கையோடு, மேசையில் கிடந்த கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தன் பெயரையும் தன் மைத்துனரின் பெயரையும் எழுதிவிட்டு, என்னிடம் இறப்பர் முத்திரையைக் கேட்டார். முத்திரை அலுமாரிக்குள் இருக்கிறது, அலுமாரித் திறப்பு வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அன்றைக்குத் தட்டிக்கழித்தேன். திறப்பு என் கைப்பையில்தான் இருந்தது.

தலைவரில் பெரிய குறை சொல்ல முடியாது. சபைக்கும் செயலகத்துக்கும் அலைந்து திரிந்து எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடுவித்தவர் அவர்தான். மூன்று நாட்களுக்குள் இரண்டு பெயர் வேண்டும் என்றால் எவரும் கைக்கெட்டிய பெயரைத்தான் எழுதுவார்கள். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. எங்கள் ஊரில் குப்பை கொட்டும் இடத்துக்கு அருகே ஒரு பெண்மணி குடியிருக்கிறார். குப்பையைத் தேடி யானை வரும் இரவுகளில் தகரத்தைத் தட்டிக்கொண்டு விழித்திருப்பவர் அவர். உழவு இயந்திரம் எந்தெந்த நாட்களில் குப்பை ஏற்றி வருகிறது, எதை எரிக்கிறார்கள், மழை பெய்தால் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். சங்கங்களுக்கு மட்டும் போகும் இப்படியான கடிதம் அவரிடம் போய்ச் சேர வழியே இல்லை.

இப்படியான குழுக்களுக்கு ஊரவர்களைச் சேர்ப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள், சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களை உள்ளே கொண்டுவர நாங்கள் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று விளக்கத் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற செயலாளர் எழுதியது:

வணக்கம் சகோதரி. அம்பாறை, மட்டக்களப்பு ஆகிய இரு மாவட்டங்களிலும் உள்ளூராட்சிச் சேவையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. நிதியும் கொள்கை வகுத்தலும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழினுட்பச் சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று நான்கு துறைகள் அங்கே குறிப்பிடப்படுகின்றன. இக்குழுக்களில் சபை உறுப்பினர்களோடு அப்பிரதேசத்தில் வசிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. குழுவின் வேலை ஆலோசனை சொல்வது. முடிவெடுக்கும் அதிகாரம் சபையிடமே இருக்கிறது. மாநகர சபைகளும் நகர சபைகளும் வேறு கட்டளைச் சட்டங்களின் கீழ் இயங்குவதால், மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ நடப்பதை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அந்த ஊரவர்களை எப்படித் தேட வேண்டும் என்ற இடத்தில் சபையின் கை கட்டப்படவில்லை. சபை விரும்பினால் பகிரங்கமாக விண்ணப்பம் கோரலாம், வட்டாரத்துக்கு ஒருவர் என்று வைக்கலாம், நேர்முகம் நடத்தலாம். மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். விரும்பாவிட்டால், உங்களுக்கு வந்ததைப் போன்ற ஒரு கடிதத்தோடு காரியத்தை முடித்துவிடவும் கூடும்.

அந்தக் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் அவற்றில் பலவற்றுக்குக் கையொப்பமிட்டவன் நான். அலுவலகத்தில் சமூக அமைப்புகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று கோப்பில் இருக்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் நிருவாகம், மீனவர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று அதில் எல்லாம் இருக்கும். பட்டியலை எந்த ஆண்டில் புதுப்பித்தார்கள் என்பது மட்டும் இருக்காது. குழு அமைக்கவில்லை என்று கணக்காய்வில் ஒரு வினா வந்துவிடும் என்ற நிலையில், விடய எழுதுவினைஞர் அந்தப் பட்டியலை எடுத்து, முகவரிகளை உறைகளில் எழுதி, அஞ்சலில் சேர்ப்பார். இரண்டு கிழமைக்குள் பெயர்கள் வர வேண்டும், அடுத்த கூட்டத்தில் அறிக்கையிட வேண்டும். ஒரு முறை, காலமாகி இரண்டு ஆண்டுகள் கடந்த ஒருவருக்கு அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டோம். அவருடைய மகன் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அதன் பின்னர்தான் பட்டியலைத் திருத்தினேன்.

இன்னுமொன்று. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய சபைகள் ஜூன் மாதத்தில் கூடும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். உறுப்பினர்களே இல்லாத அந்தக் காலத்தில் குழுக்கள் என்ற பேச்சே பல இடங்களில் எழவில்லை. இன்றைய உறுப்பினர்களில் பலர் முதற்தடவையாக வந்தவர்கள். அவர்களுக்கும் இந்த 12ஆம் பிரிவு புதிதாக இருக்கலாம். ஆகவே உங்கள் சபையின் அவசரத்துக்குப் பின்னால் சூழ்ச்சி எதுவும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பழக்கமின்மை என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

நீங்கள் செய்யக்கூடியது என்னவென்றால், தவிசாளருக்கு முகவரியிட்டு, செயலாளருக்குப் பிரதி வைத்து, கால நீடிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கு எழுதிவிட வேண்டாம். செயலகம் அரசாங்கத்தின் நிருவாக அலுவலகம், சபை தேர்தலில் தெரிவாவது, ஆனாலும் இரண்டுக்கும் உரிய கடிதங்கள் மாறிப் போவதை ஓய்வுபெறும் நாள்வரை பார்த்தேன். குழுவை அமைப்பதற்கான தீர்மானத்தின் திகதி, உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம், தெரிவு செய்பவர் யார் என்ற நான்கையும் அதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபையும் அதற்குக் கட்டுப்பட்டதே. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் உங்கள் கோரிக்கை பற்றிய முடிவை அறிவிக்க வேண்டும். ஆனால் முதற்கடிதமே அந்தச் சட்டத்தின் பெயரில் போக வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருப்பவர்களும் மனிதர்கள்தாம். சட்டத்தின் இலக்கத்தைக் கண்டதும் கோப்பை மூடிக்கொண்டு பேசத் தொடங்குவார்கள்.


அக்கரைப்பற்று மகள் எழுதியது:

நான் அக்கரைப்பற்றில் பிறந்து, இப்போது கலிபோர்னியாவில் வாழ்கிறேன். இங்கே ஒவ்வொரு நகர சபைக்கும் நூலகம், பூங்கா, நகரத் திட்டமிடல், முதியோர் நலன் என்று பல ஆலோசனைக் குழுக்கள் உண்டு. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். எமது ஊருக்கு எது பொருந்தும் என்பதைத் தங்கச்சி நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த மாநிலத்தில் 1975ஆம் ஆண்டு முதல் மேடி சட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் டிசம்பர் 31ஆம் திகதிக்குள் ஒரு பட்டியலை ஒட்ட வேண்டும். அடுத்த ஆண்டில் எந்தெந்தக் குழுவில் யாருடைய காலம் முடிகிறது, அவர் எப்போது நியமிக்கப்பட்டார், அந்த இடத்துக்கு என்ன தகைமை தேவை என்பவை அதில் இருக்கும். யாராவது இடையில் விலகினால் 20 நாட்களுக்குள் வெற்றிட அறிவித்தலை ஒட்ட வேண்டும். ஒட்டிய பின்னர் குறைந்தது 10 வேலை நாட்கள் கழியாமல் எவரையும் நிரந்தரமாக நியமிக்கக் கூடாது. சிறிய விதிதான். ஆனால் தவிசாளரின் மச்சானுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் வெற்றிடம் என்று ஒன்று இதனால் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் தெரியும்.

நான் ஒரு முறை நூலகக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு பக்கப் படிவம். எங்கே வசிக்கிறாய், எவ்வளவு காலமாக, ஏன் இந்தக் குழு, மாதத்தில் எத்தனை மணித்தியாலம் ஒதுக்க முடியும், நகர சபையோடு உனக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கல் வாங்கல் உண்டா என்பவைதான் கேள்விகள். பட்டம் பற்றிய கேள்வி கடைசியில், விரும்பினால் நிரப்பலாம் என்ற குறிப்போடு இருந்தது. பின்னர் ஒரு மாலை ஆறரை மணிக்கு, சபை மண்டபத்தில், எல்லாருக்கும் முன்னால் நேர்முகம். ஒருவருக்கு மூன்று நிமிடம். பேசும் மேசையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும் ஒரு சிறு விளக்கு. மஞ்சள் எரிந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முடிவில் ஒவ்வோர் உறுப்பினரும் தாம் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதை வாயால் சொன்னார்கள். எனக்கு ஒரு வாக்குத்தான் கிடைத்தது. தோற்றாலும் யாரால், எதற்காகத் தோற்றேன் என்பது தெரிந்ததால் அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்க மனம் வந்தது.

குழுவில் எல்லாருடைய காலமும் ஒரே நாளில் முடிவதில்லை. ஆண்டுதோறும் சிலர் மட்டும் போவார்கள், சிலர் வருவார்கள். பழையவர்கள் புதியவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க அது வசதி. தொடர்ந்து கூட்டத்துக்கு வராதவரின் இடம் காலியானதாகக் கருதப்படும் என்ற விதி பல நகரங்களில் உண்டு. சபை முறைப்படி அமைத்த ஆலோசனைக் குழுவின் கூட்டமும் பகிரங்கமாகவே நடக்க வேண்டும்; நிகழ்ச்சி நிரலை 72 மணித்தியாலத்துக்கு முன் ஒட்டியிருக்க வேண்டும்.

இங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பகுதியினர் ஓய்வுபெற்றவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உள்ளவர்கள். இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாயை எந்தக் குழுவிலும் நான் கண்டதில்லை. அறிவித்தல் ஒட்டுவதால் வாசல் திறக்கிறது. உள்ளே வருவதற்கு நேரமும் பேருந்தும் வேறாகத் தேவைப்படுகின்றன.


சம்மாந்துறை ஆசிரியர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வெளிநாட்டு முறைகளை அறிவது நல்லதே. ஆனால் ஊர்க்காரியத்துக்கு ஆள் தெரிவு செய்வது எமது கிழக்கு மாகாணத்துக்குப் புதிய விடயமன்று என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கோயில்கள் பலவற்றில் தாய்வழிக் குடிகளின், அதாவது தாய் வழியாகத் தொடரும் வம்சப் பிரிவுகளின், சார்பில் கோயில் பொறுப்பாளர்களாக வண்ணக்கர்மார் இருக்கிறார்கள். எமது பழைய பள்ளிவாசல்களில் அவ்வாறே குடியின் பிரதிநிதியாகக் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார். அந்த முறையில் ஒரு நன்மை உண்டு: எந்தக் குடியும் விடுபடாது, எந்தக் குடி யாரை அனுப்பியது என்பது ஊருக்கே தெரியும். தீமையும் எல்லாருக்கும் தெரிந்ததே. தாய்வழியில் குடி தொடர்ந்தும், அந்த ஆசனத்தில் பெண்களைக் காண்பது அரிது. வேறு ஊரிலிருந்து வந்து குடியேறிய கூலித் தொழிலாளிக்குக் குடியும் இல்லை, ஆகவே குரலும் இல்லை. செயலாளர் ஐயா குறிப்பிட்ட சங்கப் பட்டியலைப் பார்க்கும்போது, குடிப் பட்டியலின் நிழல்தான் எனக்கு அதில் தெரிகிறது. குடிக்குப் பதில் சங்கம் வந்திருக்கிறது, அவ்வளவே.

இதைவிட நெருக்கமான உதாரணம், ஊர்ச் சச்சரவுகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபை. நான் ஒரு மத்தியஸ்தராகப் பணி செய்திருப்பதால் அனுபவத்தில் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அப்பகுதியில் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஒருவரை அரசியல் சார்பற்ற ஓர் அமைப்பு முன்மொழியலாம். முன்மொழியப்பட்டவுடன் நியமனம் கிடைத்துவிடாது. பயிற்சிக்கு அழைப்பார்கள், அங்கே சச்சரவு ஒன்றைக் கொடுத்து நடித்துக் காட்டச் சொல்வார்கள், யார் குறுக்கே பேசுகிறார், யார் காது கொடுத்துக் கேட்கிறார் என்று பயிற்சியாளர்கள் ஒரு மூலையில் இருந்து குறித்துக்கொள்வார்கள். எங்கள் தொகுதியில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தார். ஊரில் பெருமதிப்பு. பயிற்சியில், வேலித் தகராற்றுக்காரர்களாக நடித்த இருவரையும் மாணவரைப் போல எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார். அவர் தெரிவாகவில்லை. அதே பயிற்சியில், பாய் இழைத்து விற்கும் ஒரு பெண் தெரிவானார். மூன்று ஆண்டுக் காலம், சம்பளம் கிடையாது. ஆனாலும் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் இப்படிப் பணி செய்கிறார்கள். தொண்டர்களைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத நாடல்ல இது. பிரதேச சபை இந்தத் தெரிவு முறையில் கால்வாசியைப் பின்பற்றினாலே காரியம் ஆகும்.

என் சொந்த யோசனையையும் எழுதிவிடுகிறேன். விண்ணப்பித்தவர்களில் குறைந்தபட்சத் தகைமை உள்ளவர்களைப் பிரித்து, வட்டாரம் வட்டாரமாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் என்ன? இதைச் சொன்னால் உடனே யாராவது குடவோலையைக் கொண்டுவருவார்கள், ஆகவே நானே கொண்டுவருகிறேன். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் அந்த முறை விவரமாக இருக்கிறது. முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குள், ஒரு சிறுவன் எடுப்பான். அது ஒரு பிராமணக் கிராமத்தின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் திறந்திருந்த குடம். அதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குவது எனக்கு உவப்பில்லை. ஆனால் அங்கே இருந்த இரண்டு விலக்குகள் இன்றைக்கும் உதவும்: கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவரின் பெயர் குடத்துக்குள் போகாது, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் போகா. மைத்துனரின் பெயரை எழுதும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறவு முறைகளை அவ்வளவு கவனமாகக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.


நவகிரி விவசாயி எழுதியது:

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையை ஆசிரியர் ஐயா விட்டுவிட்டார். போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டத்தில், அந்த வட்டையில் வயல் செய்கிறவர்கள் கூடி வட்டவிதானையைத் தெரிவு செய்வதை நான் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். கையை உயர்த்தித் தெரிவுதான், எழுத்துப் பரீட்சை கிடையாது. அவர் தண்ணீரை ஒழுங்காகப் பங்கிட்டாரா, வாய்க்காலைத் துப்புரவாக்குவித்தாரா என்பதை ஒவ்வொருவனும் தன் வயல் வரம்பில் நின்றே பார்த்துக்கொள்வான். சரியில்லை என்றால் அடுத்த போகத்தில் வேறொருவர். கூலியும் நெல்லாகக் கிடைக்கும்.

சபையின் குழுவில் இருப்பவரை நாங்கள் எந்த வரம்பில் நின்று பார்ப்பது? அவர் என்ன ஆலோசனை சொன்னார், சபை அதை ஏற்றதா, தள்ளியதா என்று வெளியே ஒரு தாள் வருவதில்லை. ஆளைச் சரியாகத் தெரிவு செய்துவிட்டால் போதும் என்பது போல எல்லாரும் எழுதுகிறீர்கள். கூட்டம் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு என்றால், வேளாண்மை வெட்டுக் காலத்தில் எவனும் வரமாட்டான். சீட்டு எவன் பெயருக்கு விழுந்தாலும் கடைசியில் கதிரையில் இருப்பவர் ஓய்வூதியக்காரர்தான். ஓய்வுபெற்ற செயலாளர் ஐயா கோபிக்கக் கூடாது.


அக்கரைப்பற்று மகள் எழுதியது:

அண்ணன் சொன்னது நியாயம். சீட்டுக் குலுக்குவது பற்றி ஆசிரியர் கேட்டதால் ஒரு சிறு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். அயர்லாந்தில் நாட்டின் முக்கிய விடயங்களில் பரிந்துரை சொல்ல 2016ஆம் ஆண்டு கூட்டப்பட்ட மக்கள் பேரவையில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் 99 பேர் இருந்தார்கள். அந்த 99 பேரும் வயது, பால், பிரதேசம், சமூக நிலை ஆகியவற்றில் நாட்டின் சாயல் தெரியும்படி எழுமாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கூட்டங்கள் வார இறுதியில் நடந்தன. அப்படியிருந்தும் இடையில் பலர் விலகினார்கள், வேறு ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே சீட்டு எடுப்பதென்றால் மாற்றுப் பெயர்களையும் அதே வேளையில் எடுத்து, வரிசைப்படுத்தி எழுதி வைத்துவிட வேண்டும். ஓர் இடம் காலியான பிறகு மறுபடியும் குடத்தைத் தேடிப் போனால், அதற்குள் யாராவது தன் ஆளைக் கதிரையில் இருத்திவிடுவார்.


படுவான்கரை வாசகி எழுதியது:

எழுதிய எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காக மீண்டும் வந்தேன்.

செயலாளர் ஐயா சொன்ன நான்கு விடயங்களையும் வைத்துக் கால நீடிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். தலைவரிடம் அதைக் காட்டி, இதில் அவரும் கையொப்பமிட வேண்டும் என்றேன். சிறிது நேரம் வாசித்துவிட்டு, "அப்போ என்ர பேர் போகாதா?" என்று கேட்டார். விண்ணப்பித்தால் போகும், எல்லாருடைய பெயரோடும் சேர்ந்து போகும் என்றேன். முகம் வாடியது; ஆனால் கையொப்பமிட்டார். சபையில் கடிதத்தை வாங்கிய முகாமைத்துவ உதவியாளர், இப்படிக் கேள்வி கேட்டு இதுவரை ஒரு நிலையமும் எழுதவில்லை என்றார். பாராட்டா, சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று கிழமை நீடிப்புக் கிடைத்தது. தீர்மானத்தின் திகதியும் கிடைத்தது. பதவிக்காலமும் உறுப்பினர் எண்ணிக்கையும் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது.

அந்த மூன்று கிழமைக்குள் எங்கள் ஊரளவில் செய்யக்கூடியதைச் செய்தோம். ஒரு தாளில் அறிவித்தல் எழுதி, கூட்டுறவுக் கடைச் சுவரிலும், பேருந்துத் தரிப்பிடத்திலும், கோயில் முன்றலிலும், நெல் ஆலையிலும் ஒட்டினோம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் நிலையத்துக்கு வந்து வாயால் சொன்னால் நான் எழுதித் தருவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள், நால்வர் பெண்கள். குப்பை மேட்டுக்கு அருகில் இருப்பவர் தானாக வரவில்லை. நான் போய்க் கேட்டபோது, அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு, "கூட்டத்தில் கதிரை தருவார்களா, நிற்க வேண்டுமா?" என்று கேட்டார். கதிரை தருவார்கள் என்றேன். பெயரைத் தந்தார்.

ஒன்பது பேரில் இருவரை எப்படி எடுப்பது என்று நிலையக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் வாதாடினோம். சீட்டு என்றால் சூதாட்டம் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். கை உயர்த்தினால் சொந்தக்காரர் அதிகம் உள்ளவர்தான் வெல்வார் என்றார் இன்னொருவர். இறுதியில் ஒன்பது பெயர்களையும், ஒவ்வொருவரும் ஏன் வர விரும்புகிறார் என்ற இரண்டு வரியோடு, சபைக்கு அப்படியே அனுப்பிவைத்தோம். தெரிவைச் சபையே செய்யட்டும், ஆனால் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லிச் செய்யட்டும் என்று முகப்புக் கடிதத்தில் கேட்டிருக்கிறோம். இது சரியா, எங்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்ததாகுமா என்று இன்னும் குழப்பமாக இருக்கிறது. எங்கள் வட்டார உறுப்பினர் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு முன்மொழிவு கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார். அதில் என்ன எழுத வேண்டும் என்று ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.


ஓய்வுபெற்ற செயலாளர் எழுதியது:

நவகிரி விவசாயி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்ன கதிரையில் நானே ஓராண்டு இருந்திருக்கிறேன்.

சகோதரி, நீங்கள் செய்தது சரியே. இரண்டு பெயரை மட்டும் அனுப்பியிருந்தால் தெரிவு உங்கள் நிலையத்தின் நான்கு சுவருக்குள் முடிந்திருக்கும். முன்மொழிவை நீட்டாமல் எழுதச் சொல்லுங்கள். நீண்ட முன்மொழிவைப் பரிசீலனைக்கு என்று ஒத்திவைப்பார்கள். இப்படி இருந்தால் போதும்:

"சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் அமைக்கப்படும் குழுக்களில் பிரதேசவாசிகளுக்கான இடங்கள், தகைமை, பதவிக்காலம், கூட்ட நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சபை அலுவலகத்திலும் உப அலுவலகங்களிலும் பொது நூலகங்களிலும் 21 நாட்களுக்கு அறிவித்தல் ஒட்டி விண்ணப்பம் கோரப்பட வேண்டும் எனவும், சபையுடன் ஒப்பந்த வேலை செய்பவர்களும் உறுப்பினர்களின் நெருங்கிய உறவினர்களும் நியமிக்கப்படலாகாது எனவும், நியமனங்கள் காரணங்களுடன் மாதாந்தக் கூட்ட அறிக்கையில் பதியப்பட வேண்டும் எனவும், குழுவின் ஆலோசனைகளும் அவை மீதான சபையின் முடிவும் அறிவித்தல் பலகையில் வெளியிடப்பட வேண்டும் எனவும் இச்சபை தீர்மானிக்கிறது."

கடைசிப் பகுதி விவசாயிக்காகச் சேர்த்தது. உறவினர் பற்றிய வரியை நீக்கினால் ஆதரிக்கிறோம் என்று சிலர் வருவார்கள். அப்போது அதை விட்டுக்கொடுத்துவிட்டு, காரணங்களைப் பதிவு செய்யும் வரியை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும்படி உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள். வழிமொழிய ஓர் உறுப்பினரை முன்கூட்டியே பேசி வையுங்கள், முடிந்தால் எதிர்க்கட்சிப் பக்கத்திலிருந்து. செயலாளரின் கையில் முன்மொழிவின் பிரதி கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக இருப்பது நல்லது. நிகழ்ச்சி நிரல் தட்டச்சாகிவிட்டால் பிறகு அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.